ஒத்தை பிளாப்பிக்காரர்

எங்க ஊட்டுக்காரர் பேரு சீனிவாசலு. அவரைத் திக்குவாய்னு யாராவது சொன்னா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாம கோவம் வந்துருமுங்க. பேச்சு வர லேட்டாகும், அவ்வளவுதான். சத்தி ரோட்டுல பஸ்ஸு லேட்டா வாரதில்லையா? நின்னு ஏறிட்டுத்தானே போறோம்?

திக்குவாய்னு சொல்றவங்களைக்கூட ஒரு வகையில மன்னிச்சுப்போடலாம். ஆனா இவரு பாதி வார்த்தையில நிக்கறப்ப மீதியை எடுத்து முடிச்சு வெக்கறாங்க பாருங்க, அவங்களை என்ன செய்யறது? எங்க அண்ணன் வரதராஜுலு அதுல பெரிய கெட்டிக்காரர். கல்யாணமான புதுசுல விருந்துக்குப் போயிருந்தோம். இலையில உக்காந்து இவரு ரசம் கேக்க வாயெடுத்தாரு. "ர..."ன்னு நின்னுச்சு. "ரவா லட்டுங்களா மாப்பிள்ளை? அடி, அந்தத் தூக்குப் போசியை இக்கட்டால கொண்டா!"ன்னு அண்ணன் ஒரே சத்தம். சோத்துக்கு நடுவுல ரெண்டு லட்டு வந்து உக்காந்துருச்சு. இந்த மனுஷன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமே? பேசாம ரெண்டையும் தின்னுபோட்டு எந்திரிச்சு வந்தாரு. எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஊட்டுல தெலுங்கு, வெளியில தமிழ். ரெண்டுலயும் அவருக்கு ஒரே மாதிரித்தான் நிக்கும். கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் நிக்காது. அதுகிட்டத்தான் வாயே வேண்டாமே, வெரலு போதுமே.

முன்னால ஒரு பம்ப் கம்பெனியில எலக்ட்ரிக்கல் பக்கம் இருந்தாரு. வேலையில ஒரு சொட்டு கொறை சொல்ல முடியாது. ஆனா போன் எடுக்கற வேலையையும் அவரு தலையில கட்டினாங்க. கேன்டீன்ல அவரு பேசற மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பாங்களாம். ஒரு நாளு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமயே ஊட்டுக்குத் திரும்பி வந்துட்டாரு. மறுநாள் போகல. அதுக்கு மறுநாளும் போகல. அப்புறம் சரவணம்பட்டியில நாங்க குடியிருந்த ஊட்டுல முன் ரூமைக் காலி பண்ணி மேசை போட்டுக் கொடுத்தேன். பழைய போர்டு, ஒயரு, பத்தவெக்கற கம்பி, ஒரு கம்ப்யூட்டர். அதுதான் அவரு ஆபீசு.

நான் கிராஸ்கட் ரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில பில் போடறவ. என் வாய்க்குப் பூட்டே கெடையாதுன்னு கடையே சொல்லும். அதனால அவருக்கு வாய் நான்தான். யாரா இருந்தாலும் பொழுதோட ஆறு மணிக்கு மேல போன் பண்ணுங்கன்னு சொல்லி வெச்சிருந்தோம். நான் வந்து எடுப்பேன், அவரு பக்கத்துல நின்னு காகிதத்துல எழுதிக் காட்டுவாரு, நான் பேசுவேன். பகல்ல போன் அடிச்சா அது பாட்டுக்கு அடிச்சுட்டு ஓயும். அவரு எடுக்க மாட்டாரு.

உடுமலைப்பேட்டைக்காரர் கோவிந்தராஜுலு எங்க கடைக்குத் துணி எடுக்க வந்தவருதான். கோழிக்குஞ்சு பொரிக்கற ஹேச்சரி வெச்சிருக்கறாரு. பில் போடறப்ப பேச்சு வந்துச்சு. சூடும் ஈரமும் ஒரே அளவா நிக்க மாட்டேங்குது, கரண்டு வேற போயிப் போயி வருது, முட்டை பாழாகுதுன்னு வெசனப்பட்டாரு. விடுவேனா நான்? "எங்க ஊட்டுக்காரரு அதுக்கு ஒரு பொட்டி செஞ்சு தருவாருங்க"ன்னு சேலையை மடிச்சுக்கிட்டே சொல்லிப்போட்டேன். ஊட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னா இவரு என்னையே முறைச்சுப் பாக்கறாரு. ஆனா அன்னிக்கே பேப்பர் எடுத்து வரைய ஆரம்பிச்சுட்டாரு. இது தொண்ணூத்தி ஒம்போதுல.

பொட்டின்னா பெரிசா ஒண்ணுமில்லீங்க. கழிச்சுக் கட்டின ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் திரை, ஒரு கீபோர்டு, ஒரு பிளாப்பி சொருகற எடம். ஹார்டு டிஸ்க் கெடையாது. ஹேச்சரி புழுதிக்கும் இறகுக்கும் சூட்டுக்கும் அது தாங்காதுன்னு அவரு முடிவு. மொத்தமும் ஒத்தை பிளாப்பிக்குள்ள அடங்கோணும். பொட்டியை ஆன் பண்ணினா பிளாப்பியில இருக்கறதெல்லாம் மெமரியில ஏறிக்கும், அப்புறம் அது பாட்டுக்கு ஓடும். கம்ப்யூட்டரையே ஓட்டற லினக்ஸும் உள்ள, சூட்டைப் பாத்துக்கற அவரோட புரோகிராமும் உள்ள. அது கூட ஆளு உக்காந்து தட்டறதுக்குண்டான கமாண்டுகளும் உள்ள.

அந்தக் கமாண்டுகதான் எங்க ஊட்டுல சக்களத்தியாட்டம் வந்து உக்காந்துச்சு. காந்திபுரத்துல ஒரு பிரௌசிங் சென்டர்ல பாதி நாளு காத்துக்கிடந்து எறக்கிட்டு வந்தாரு. ஒரே புரோகிராம், அதுக்குள்ள சின்னச் சின்னதா அத்தனை கமாண்டு. எல்லாத்தையும் சேத்தா பிளாப்பி கொள்ளாது. அதனால ஒரு ஃபைல்ல வரிவரியா எல்லாத்தோட பேரும் இருக்கும். எது வேண்டாமோ அந்த வரிக்கு முன்னால சாய்ச்சு ரெண்டு கோடு போடோணும். போட்டுட்டு மறுபடி கம்பைல்னு மொத்தத்தையும் புதுசாக் கட்டினா அது இல்லாம வரும், கொஞ்சம் எளைச்சு வரும். அப்புறம் எவ்வளவு எளைச்சிருக்குதுன்னு பாக்கோணும். பத்தாது. மறுபடி ரெண்டு கோடு. மூணு அடுக்கு டிபன் கேரியர்ல கல்யாண ஊட்டுச் சாப்பாட்டை அடைக்கற கதைதான்.

சாப்பிடறப்ப என்னையே கேப்பாரு. எனக்கு என்ன தெரியும்? ஆனா கேக்கறதுக்கு ஆளு வேணுமே. 'தலை'ன்னு ஒரு கமாண்டாம், ஒரு ஃபைலோட முதல் சில வரியைக் காட்டுமாம். 'வாலு'ன்னு ஒண்ணு, கடைசி வரிகளைக் காட்டுமாம். "சூடு இப்ப எப்படி இருக்குதுன்னு பாக்க வாலு போதுமே, தலை எதுக்குங்க?"ன்னேன். அவரு கையில சோத்தோட அப்படியே எந்திரிச்சுப் போயி தலையை எடுத்துப்போட்டு வந்தாரு. எனக்கு ஒரே பெருமை.

இன்னொண்ணு இருந்துச்சு. ஒவ்வொரு கமாண்டையும் எப்படித் தட்டறதுன்னு ரெண்டு மூணு வரி விளக்கம். தப்பாத் தட்டினா திரையில அது வரும். அந்த விளக்கத்தை மொத்தமா எடுத்துப்போட்டா நெறைய எடம் மிச்சமாகுமாம். ஒரே ஒரு வரியில ரெண்டு கோடு போட்டா முடிஞ்சுச்சு.

"அப்புறம் என்னங்க? எடுத்துப்போடுங்க."

வேண்டாம்னு தலையை ஆட்டினாரு. ரொம்ப நேரம் கழிச்சு வார்த்தை வந்துச்சு. "மா... மாசாணம் யாரைப் போயிக் கேப்பாரு?"

மாசாணம் உடுமலை ஹேச்சரியில மெஷின் ரூமைப் பாத்துக்கறவரு. முப்பது வயசிருக்கும். அவங்க அப்பனும் ஆத்தாளும் தோட்டத்துக் கூலிக்குப் போனவங்க. இவருதான் அவங்க ஊட்டுல மொதல்ல பத்தாவது முடிச்சவரு. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாம போட்டுட்டு வருவாரு. எதைச் சொன்னாலும் "சரிங்க." மழை வரும்னாலும் சரிங்க, வராதுன்னாலும் சரிங்க. நம்ம பக்கத்துல எல்லாருமே அப்படித்தான், யாரையும் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லிப்போட மாட்டோம். ஆனா மாசாணத்தோட சரிங்க வேற. அவரு இல்லைன்னு சொல்லி அதை உக்காந்து கேட்ட ஆளு அதுவரைக்கும் யாரும் இருந்திருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

மொதல் பிளாப்பியோட பொட்டியைக் கொண்டு போயி வெச்சு, எங்க ஊட்டுக்காரரு அவருக்குக் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தாரு. பாதி கையில காட்டி, பாதி வாயில. நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஈரத்துக்கும் சேத்து புரோகிராம் எழுதினதுல அது பெருத்துப்போச்சு. பழையபடி பிளாப்பி கொள்ளல. இன்னும் எதையாவது கழிச்சாகோணும்.

இதுக்கு நடுவுல எங்க அண்ணன் பெருந்துறையில ஒரு கம்பெனியில இவருக்கு வேலை பேசிட்டு வந்துட்டாரு. சாமான் வாங்கற பிரிவு. நாள் பூரா போன்ல பேசி வெலை கேக்கோணும். அண்ணன் நல்லதுன்னு நெனைச்சுத்தான் செஞ்சாரு, அது எனக்குத் தெரியும். ஆனா இவரு மூஞ்சியைப் பாத்திருக்கோணுமே நீங்க! என் ஒருத்தி சம்பாத்தியத்துல குடும்பம் ஓடறது அவருக்கு உறுத்திட்டே இருந்துச்சு. அதனால மாட்டேன்னும் சொல்ல முடியல. கடைசியில அவரே ஒரு பேச்சுக்கு வந்தாரு. அடுத்து வெக்கற முட்டை ஒழுங்காப் பொரிச்சு, கோவிந்தராஜுலு பொட்டியை வெச்சுக்கறேன்னு சொன்னா, சொந்தத் தொழில். இல்லாட்டி பெருந்துறை. நான் கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கல. ஆனா அவரு பெருந்துறையில போனைக் கையில வெச்சுட்டு நிக்கறதை என்னால நெனைச்சுப் பாக்கவே முடியல.

எதைக் கழிக்கறதுன்னு கேக்கத்தான் எனக்கு லீவு இருந்த ஒரு நாளு உடுமலைக்குப் போனோம். கோவிந்தராஜுலு என்னை முன்னால உக்கார வெச்சுக் காப்பி கொடுத்துப் பேசிட்டிருந்தாரு. இவரு மட்டும் மெஷின் ரூமுக்குள்ள போனாரு. அங்க நடந்தது பின்னால மாசாணம் வாயால கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

தேதியும் மணியும் மாத்தறதுக்கு 'டேட்'னு ஒரு கமாண்டு. போர்டுல பேட்டரி இருக்குது, மணி அது பாட்டுக்கு ஓடும், கையில மாத்தற வேலையே வராது, அதனால கழிச்சுக்கலாம்னு இவரு கணக்குப் போட்டிருந்தாரு. ஆனாலும் கேக்காம எடுக்கற ஆளு இல்ல. "தே... தேதியை நீங்க..."ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல நின்னுபோச்சு. கழுத்து நரம்பு பொடைக்குது, கண்ணு இறுகுது. மாசாணத்துக்கு மனசு கேக்கல. பாவம், மனுஷன் இவ்வளவு கஷ்டப்படறாரேன்னு, "சரிங்க சார், சரிங்க, அப்படியே செஞ்சுருங்க"ன்னு சொல்லிட்டாரு. என்ன கேள்வின்னே தெரியாது அவருக்கு! இவரு கேள்வியை முடிக்காமயே தலையாட்டிட்டு வந்துட்டாரு. ஊட்டுக்கு வந்து அந்த வரிக்கு முன்னால ரெண்டு கோடு போட்டாரு.

இத்தனைக்கும் மாசாணம் தெனமும் காலையில வந்ததும் மொதல் வேலையா அந்தக் கமாண்டைத்தான் தட்டிட்டிருந்தாரு. பழைய போர்டுல்ல? பேட்டரி வலுவில்லாம மணி பின்னால பின்னால போயிட்டிருந்துச்சு. சுவத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கற மாதிரி இதுவும் ஒரு வேலையாட்ட இருக்குதுன்னு அவரு பாட்டுக்குச் சரி பண்ணிட்டு வந்திருக்கறாரு. அதை ஒரு குத்தமா எங்ககிட்டச் சொல்லோணும்னு அவருக்குத் தோணல.

புதுப் பிளாப்பி உடுமலைக்குப் போச்சு. முட்டை வெச்சாங்க. மறுநாள் காலையில மாசாணம் வழக்கம்போல தட்டறாரு, அப்படி ஒரு கமாண்டே இல்லைங்குது திரை. சார் எடுத்திருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு பேசாம இருந்துட்டாரு. போன் பண்ணிக் கேட்டா சார் சங்கடப்படுவாரேன்னு வேற. அடக் கெரகமே! ரெண்டு நல்லவங்க சேந்தா என்ன ஆகும்னு பாத்தீங்களா?

பொரிக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்கும். அன்னிக்கு எனக்கு லீவு. பச்சரிசி மாவு அரைக்கத் தூக்குல அரிசி எடுத்துட்டு மில்லுக்குப் போயிருந்தேன். கூட்டம். என் முறை வந்து அரைச்சு, மாவுச் சூட்டோட தூக்கை இடுப்புல வெச்சுட்டு வாரேன், வாசல்லயே இவரு கொரலு கேக்குது. ஊட்டுல வேற யாருமில்லையே, யார்கிட்டப் பேசறாருன்னு எட்டிப் பாத்தா, கையில போன்!

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அது அடிச்சு அடிச்சு ஓயாம இருந்திருக்குது. ஓஞ்சு மறுபடி அடிச்சிருக்குது. கடைசியில எடுத்திருக்கறாரு.

உடுமலையில கரண்டு போயி ஜெனரேட்டர் வந்த இடைவெளியில பொட்டி ஒரு தடவை அணைஞ்சு எந்திரிச்சிருக்குது. பேட்டரி அன்னிக்குத்தான் சுத்தமா உசுரை விட்டிருக்குது. எந்திரிச்சப்ப அதுக்குத் தேதி எம்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணு. முட்டை வெச்சு எத்தனாவது நாளுன்னு பாத்துத்தான் அது சூடு வெக்கும்; பிளாப்பியில பதிஞ்சிருந்த முட்டை வெச்ச தேதியோ தொண்ணூத்தி ஒம்போது. அது என்ன நெனைச்சுக்கும்? இன்னும் முட்டையே வெக்கலைன்னு நெனைச்சுச் சூட்டை நிறுத்திப்போட்டுச்சு. உள்ள குஞ்சு மூக்கு முளைச்சு ஓட்டைக் கொத்தற பருவத்துல கெடக்குது. கையால சூடு போட சுவிட்ச் இருக்குதுங்க. ஆனா ஒரு ஆளு அங்கயே நின்னு போட்டுப் போட்டு எடுக்கோணும், சித்தே அசந்தா வெந்துரும். கோவிந்தராஜுலுவும் அன்னிக்கு ஊர்ல இல்ல. மாசாணம் ஒத்தை ஆளு.

நான் மாவுத் தூக்கைக் கீழ வெச்சுட்டு போனுக்குக் கையை நீட்டினேன். அது எனக்குப் பழக்கம், கை தானா நீளும். அவரு என்னைப் பாத்தாரு. இன்னொரு கையைக் காட்டி நில்லுன்னாரு. முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டாரு.

டேட் கமாண்டு இல்லாம தேதி மாத்த ஒரே ஒரு வழி இருந்துச்சாம். பொட்டியை அணைச்சு ஆன் பண்ணி, ஆன் ஆகறப்பவே கீபோர்டுல டெலீட் கட்டையை அமுக்கிட்டே இருந்தா போர்டோட சொந்தத் திரை ஒண்ணு வரும். அதுக்குள்ள போயி தேதி மாத்தி, பதிஞ்சுக்கன்னு சொல்லிட்டு வெளிய வரோணும். மாசாணம் அந்தத் திரையைக் கண்ணால பாத்ததில்ல. அது முழுக்க இங்கிலீஷு. இவருதான் ஒவ்வொரு கட்டையாச் சொல்லோணும். இவருக்கு 'ட'வும் வராது, 'ப'வும் வராது.

"டெ..."

நின்னுச்சு. நான் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறேன். மொகம் செவந்து, நெத்தியில வேர்வை. நிக்குதுங்க, நிக்குது, சொவரு மாதிரி நிக்குது. அந்தப் பக்கத்துல ஒரு சத்தமும் காணோம். லைன் கட்டாயிருச்சோன்னு எனக்கு அடிச்சுக்குது. அவருக்கும் அதே பயம்தான் போல. "இ... இருக்கீங்களா?"ன்னாரு.

அந்தக் காலத்துப் போன், தள்ளி நின்னாலும் அந்தப் பக்கத்துப் பேச்சு கேக்கும். மாசாணம் கொரலு தெளிவா வந்துச்சு. "இருக்கேனுங்க சார். நீங்க சொல்லுங்க. அவசரமில்லீங்க."

அவசரமில்லையாமா! அக்கட்டால பொட்டி முழுக்க முட்டை ஆறிட்டிருக்குது, மொதலாளி வந்தா மாசாணத்தோட வேலைக்கே வேட்டு, ஓடி ஓடி சுவிட்சைப் போட்டு எடுத்துட்டு வந்து மூச்சு வாங்கிட்டு நிக்கறாரு. அந்த ஆளு சொல்றாரு, அவசரமில்லீங்கன்னு.

டெலீட் வந்துச்சு. மாசாணம் ஓடிப் போயிச் செஞ்சுட்டு ஓடி வந்தாரு. என்ன தெரியுதுன்னு எழுத்தெழுத்தாப் படிச்சாரு. இவரு அடுத்ததைச் சொன்னாரு. அது வர எவ்வளவு நேரமாச்சுன்னு நான் பாக்கல. பாக்கத் தோணல. தேதி, மாசம், வருஷம், மணி. கடைசியில பதிஞ்சுக்கவான்னு கேக்கற எடத்துல 'ஒய்'ங்கற ஒத்தை எழுத்து இவரு வாயில வராம அழிச்சாட்டியம் பண்ணுச்சு. எனக்கு நாக்கு நுனியில நிக்குது. வாயைக் கையால பொத்திட்டேன். மாசாணம் காத்திருந்தாரு. வந்துச்சு.

சித்தே கழிச்சு அந்தப் பக்கம், "சூடு ஏறுதுங்க சார்"ன்னு கேட்டுச்சு.

இவரு போனை வெச்சுட்டுத் தரையில உக்காந்துட்டாரு. சட்டை பூரா நனைஞ்சுபோச்சு. நான் மோர் கரைச்சுக் கொடுத்தேன். குடிச்சுட்டு பேட்டரி ஒண்ணைப் பையில போட்டுட்டு உடுமலை பஸ்ஸைப் பிடிக்கக் கெளம்பிட்டாரு.

குஞ்சு பொரிச்ச அன்னிக்கு நானும் கடைக்கு லீவு சொல்லிட்டுப் போயிருந்தேன். தட்டுத் தட்டா இழுக்கறாங்க, மஞ்சள் மஞ்சளா ஒரே கீச்சுக் கீச்சு. கோவிந்தராஜுலு மொகத்துல திருப்தி தெரிஞ்சுச்சு. ஆனா அந்தக் கரண்டு போன நாளு கதை அவரு காதுக்குப் போயிருந்துச்சு. பெரிய மனுஷன், சுத்தி வளைக்கல. மாசாணத்தைக் கூப்பிட்டாரு.

"மாசாணம், இதுகூடப் பொழங்கறவன் நீதான். சொல்லு. இந்தப் பொட்டி இருக்கட்டுமா, எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?"

எனக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. மாசாணமாவது வேண்டாம்னு சொல்றதாவது! மொதலாளி சொல்றாப்புலங்கன்னு சொல்லுவாரு, மொதலாளி இருக்கட்டும்பாரு, முடிஞ்சுது.

மாசாணம் தலையைக் குனிஞ்சு நின்னாரு. அப்புறம் நிமிந்து, "இப்படியே வேண்டாமுங்க"ன்னாரு.

பகீர்னுச்சு எனக்கு. அடப் பாவி மனுஷா, இதுக்கா என் புருஷன் அன்னிக்கு உசுரைக் கொடுத்துப் பேசினாரு? வாய் வரைக்கும் வந்துருச்சு. பெருந்துறை கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. இவரைத் திரும்பிப் பாத்தேன். இவரு மாசாணத்தையே பாத்துட்டிருந்தாரு.

"சார் அன்னிக்கு என்கிட்டக் கேட்டாருங்க மொதலாளி. அவரு கேட்டு முடிக்கறதுக்குள்ள நான் சரின்னுபோட்டேன். எனக்கு என்ன வேணும், வேண்டாம்னு அவருக்கு இன்னும் தெரியாதுங்க. நான் சொல்லவே இல்லைங்களே. சார் ஒவ்வொண்ணாச் சொல்லட்டுமுங்க. நான் முழுசாக் கேட்டு பதில் சொல்றேன். அப்புறம் பண்ணிக் கொடுத்தாருன்னா, நம்ம எல்லா மெஷினுக்குமே வெச்சுக்கலாமுங்க."

கோவிந்தராஜுலு அவரைப் புதுசாப் பாக்கற மாதிரி பாத்தாரு. "அப்ப உக்காந்து பேசுங்க"ன்னு சொல்லிட்டு மொதலாளி வெளிய போனாரு. போறப்ப கதவுகிட்ட நின்னு, "நாற்காலியில உக்காருடா"ன்னாரு. மாசாணம் அந்த ரூம்ல அதுக்கு முன்னால நாற்காலியில உக்காந்து நான் பாத்ததில்ல.

இவரு பையிலிருந்து அந்த ஃபைலை அச்செடுத்த தாளை எடுத்தாரு. நான் படிக்கட்டுமான்னு கேக்கலைங்க. சொவத்தோரமா ஒரு முட்டைத் தட்டைக் கவுத்துப்போட்டு உக்காந்தேன். மொதல் பேரைச் சொல்ல ஆரம்பிச்சாரு. நின்னுச்சு. மாசாணம் ரெண்டு கையையும் முழங்கால்ல வெச்சுட்டு அவரு மொகத்தைப் பாத்துட்டே இருந்தாரு. பேரு முழுசா வந்துச்சு. அது என்ன செய்யும்னு சொன்னாரு. மாசாணம் ரோசனை பண்ணி, "இது எனக்கு வேண்டாமுங்க"ன்னாரு. இவரு ரெண்டு கோடு போட்டாரு.

"இது வேணுமுங்க."

"இது எதுக்குன்னு புரியலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொருக்கா சொல்லுங்கன்னு என் புருஷன்கிட்ட ஒருத்தர் கேட்டு நான் கேட்டதே இல்லீங்க. எல்லாரும் போதும் போதும்னுதான் பாத்திருக்கறாங்க. இவரு இன்னொருக்கா சொன்னாரு. வெளிய சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க, யாரும் எந்திரிக்கல. கோழிக்குஞ்சு சத்தத்துக்கு நடுவுல ரெண்டு பேரும் வேணும் வேண்டாம்னு பேசிட்டே இருந்தாங்க. வேண்டாம்னு சொல்லச் சொல்ல மாசாணத்துக்குக் கொரலு பெருசாகிட்டே வந்துச்சு. நான் முந்தானையை வாயில வெச்சுட்டு அழுதுபோட்டேன்.

ஊட்டுக்கு வந்து சேந்தப்ப வெளக்கு வெக்கற நேரம். செருப்பைக் கழட்டிக்கிட்டே, "பெருந்துறைக்கு நான் பேசிடட்டுங்களா? அண்ணன் காத்துட்டிருப்பாரு"ன்னேன்.

வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு அவரே போனை எடுத்துச் சுத்தினாரு. அண்ணன் கொரலு எனக்கே கேட்டுச்சு. இவரு "நா..."ன்னதுமே, "நாளைக்கே வாறீங்களா மாப்பிள்ளை? ரொம்ப சந்தோஷம், நான் சொல்லி வெச்சர்றேன்"ன்னு பொரிஞ்சு தள்ளறாரு. இவரு அவரு பேசி ஓயற வரைக்கும் பொறுத்துட்டு மறுபடி "நா..."ன்னு ஆரம்பிச்சாரு. "நாற்காலி மேசையெல்லாம் தனியாவே உண்டு, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க"ன்னாரு அண்ணன். இவரு மறுபடி அதே எடத்துல இருந்து ஆரம்பிச்சாரு. அண்ணன் வேற எதையோ எடுத்துக் கொடுத்தாரு. இவரு அதை வாங்கிக்கல. மறுபடியும் மொதல்ல இருந்து. கடைசியில அந்தப் பக்கம் அண்ணன் ஒரு வழியா வாயை மூடினாரு.

"நா... நான் வரலீங்க மச்சான். எனக்கு இங்க வேலை இருக்குதுங்க."